இன்னும் முத்தல

காஜா என்றால் சட்டையில் பட்டன் நுழைகிற துளை. துணியைப் பிளேடால் ஒரு கோடு கீறி, கீறலின் இரண்டு உதடுகளும் பிசிறு பிசிறாகப் பிரிந்துவிடாதபடி சுற்றிலும் நெருக்கித் தைக்க வேண்டும். மிஷின் இதை ஒரு மூச்சில் முடித்துவிடும். ஆனாலும் விலை உயர்ந்த துணி வந்தால் கட்டிங் மாஸ்டர் மிஷினை நம்ப மாட்டார். "அக்காகிட்ட குடு" என்று பின்னறைக்கு அனுப்பிவிடுவார். பின்னறை அக்காவுக்கு ஒரு காலத்தில் பெயர் இருந்தது. இப்போது தெருவுக்கே அவள் காஜாக்கா.

பின்னறையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் காஜாக்கா. எதிர்ச் சுவரோரம் நீள மேசையில் இஸ்திரி போடுகிறவள் அவளுடைய நாத்தனார். காஜாக்காவின் கணவன் இறந்துவிட்டான். நாத்தனாரின் கணவன் இறக்கவில்லை, எங்கே இருக்கிறான் என்று தெரியாது, அவ்வளவுதான். இருவரும் ஒரே அறையில் குடியிருந்து, ஒரே கடையில் வேலை பார்த்து, நாள் முழுக்க ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே ஒற்றுமையாக வாழ்ந்தார்கள். "இவ வாய்க்கு இஸ்திரிப் பெட்டி எதுக்கு? துணிமேல ரெண்டு வார்த்தை பேசினா சுருக்கம் தானா ஓடிடும்" என்பார் மாஸ்டர்.

முதலில் கவிழ்ந்தது டீ கிளாஸ். எப்போதும் இடது பக்கம் வைக்கிற கிளாஸ்தான். கை பட்டு, யாரோ கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்திருந்த வெள்ளைத் துணிமேல் டீ முழுக்கக் கொட்டியது. பிறகு கதவு நிலையில் தோள் இடிக்க ஆரம்பித்தது. தெருவில் ஒரு சைக்கிள்காரன் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனான்.

"ஏன் அண்ணி, நீ வர்றேன்னு தெரிஞ்சா நிலைக்கதவு எழுந்து வழி விடணுமா?"

"இருட்டா இருந்துச்சுடி."

"பட்டப்பகல்லயா?"

பக்கவாட்டில் வந்து நின்று சிரித்தவர்களைப் பார்த்து அவள் திரும்பிச் சிரிக்கவில்லை. நாலு காஜா போட்டதும் காஜாக்காவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று தெரு பேசியது. கண் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் இருந்தது. தையல்காரர்கள் உலகத்தில் கண்ணுக்கு ஒரே ஒரு பரீட்சைதான் உண்டு: ஊசியில் நூல் கோக்க முடிகிறதா. கோத்தால் கண் நன்றாக இருக்கிறது. முடியாமல் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டினால் வயசாகிவிட்டது. அந்தக் கடையில் எல்லோரும் காஜாக்காவிடம்தான் நீட்டினார்கள். கண்ணாடி போட்டிருந்த மாஸ்டர் உட்பட. அவள் நூல் முனையை உதட்டில் ஒற்றி எடுத்து, ஒரே குத்தில் கோத்துத் திருப்பிக் கொடுப்பாள்.

"ஊசிக் காதே தெரியுது, நிலைக்கதவு தெரியாமலா போகும்? கவனம் இல்ல, அதான்" என்றார் மாஸ்டர். அவளும் அதையே நம்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக் கட்டிய ஆட்டோ தெருவில் வந்தது. பள்ளிக்கூடத்தில் இலவச கண் பரிசோதனை முகாம்; புரை முற்றியவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், அறுவை சிகிச்சை செய்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். நாத்தனார் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள். வகுப்பறைச் சுவரில் மாட்டியிருந்த அட்டையில் E எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கடைசி வரி வரைக்கும் காஜாக்கா விரலால் திசை காட்டிவிட்டாள். அடுத்த பெஞ்சில் ஓர் இளம் டாக்டர். அவர் முன்னால் வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டி நின்றது. டார்ச்சை ஒரு கண்ணில் அடித்தார், மறு கண்ணில் அடித்தார்.

"லேசா புரை இருக்கும்மா. இன்னும் முத்தல. முத்தட்டும், அப்புறம் வாங்க."

"பக்கத்துல வர்றதெல்லாம் தெரிய மாட்டேங்குது சார்."

"புரைன்னா அப்படித்தான். அடுத்தவங்க வாங்க."

வீட்டுக்கு வந்தவளிடம் நாத்தனார் கேட்டாள்.

"என்னவாம்?"

"புரையாம். முத்தலையாம்."

"என்னது, பூசணிக்காயா?"

இருவரும் சிரித்தார்கள். கவலை விட்டுப்போன சிரிப்பு. வியாதிக்குப் பெயர் தெரிந்துவிட்டது, வைத்தியம் தெரிந்துவிட்டது, அதுவும் இலவசம். காத்திருப்பது ஒன்றுதான் பாக்கி. காத்திருப்பதற்கு ஏழைகளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இந்த 'முத்தட்டும்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. அப்போதைய அறுவை முறைக்குப் புரை கெட்டிப்பட்டிருக்க வேண்டும், அதனால் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த முறை போய்விட்டது. புரை பார்வையைத் தொந்தரவு செய்ய ஆரம்பித்தால் எடுத்துவிடலாம், முற்ற வேண்டிய அவசியம் இல்லை என்று புத்தகங்கள் மாறி எத்தனையோ காலமாகிறது. காசு கொடுத்து வைத்தியம் பார்க்கிறவர்களிடம் எந்த டாக்டரும் இந்தச் சொல்லைச் சொல்வதில்லை. இலவச முகாமில் மட்டும் அது சாகாமல் இருக்கிறது. சாகாததற்குக் காரணம் அது பயன்படுகிறது என்பதுதான். பஸ்ஸில் இருக்கிற இடம் இவ்வளவு, வரிசை அவ்வளவு. ஒரு மனுஷியைச் சண்டையில்லாமல் திருப்பி அனுப்ப இதைவிட மரியாதையான சொல் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. டார்ச் தேடுவது வெள்ளையை. கண்மணி வெளுத்திருந்தால் பஸ். காஜாக்காவின் கண்ணில் வெள்ளை லேசாகத்தான் இருந்தது. அதற்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த திருட்டு டார்ச்சுக்குத் தெரியாது. கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறி நரம்பை நசுக்குகிற நோய் அது. வலிக்காது, சிவக்காது. பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும், நடுவைக் கடைசியில்தான் தொடும். அதனால்தான் கதவு நிலை தெரியாதவளுக்கு ஊசிக் காது தெரிந்தது. அட்டையின் கடைசி வரியும் தெரிந்தது. அழுத்தத்தைப் பார்க்க ஒரு சின்னக் கருவி போதும், ஒரு பையில் அடங்கிவிடும். முகாமுக்கு வந்த வேனில் மேடை இருந்தது, மாலை இருந்தது, போட்டோ எடுக்க ஆள் இருந்தார். கருவி இல்லை. இருந்து, நோயைக் கண்டுபிடித்திருந்தால், அந்த ஆளுக்கு ஆயுசு முழுக்கச் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். சொட்டு மருந்து போடுகிறவர்களை வரிசையாக உட்காரவைத்துப் போட்டோ எடுத்தால் என்ன தெரியும்? கட்டுப்போட்ட கண்கள் அல்லவா பார்க்க அழகு.

காஜாக்கா காத்திருந்தாள். கருத்தாகக் காத்திருந்தாள். காலையில் எழுந்ததும் வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் டியூப்லைட்டைப் பார்ப்பாள்.

"நேத்தைவிட மங்கலாத்தான்டி இருக்கு."

"சுத்தி வளையம் தெரியுதுன்னியே?"

"அது இப்ப லைட்டே பாதிதான் தெரியுது."

"அப்ப முத்துது அண்ணி. சீக்கிரம் முத்திட்டா மழைக்கு முன்னாடியே ஆபரேஷன் முடிஞ்சிடும்."

தன் கண் அவிந்துகொண்டிருப்பதைப் பார்த்து ஒருத்தி சந்தோஷப்பட்டாள். கூட இருந்தவளும் சந்தோஷப்பட்டாள். இதை அறியாமை என்று எழுதுவார்கள், பாமர மக்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று மேடை போட்டுப் பேசுவார்கள். அவள் எந்த மந்திரவாதியிடமும் போகவில்லை, எந்தப் பச்சிலையையும் பிழிந்து ஊற்றவில்லை. படித்த டாக்டர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தாள். விழிப்புணர்வு என்று இவர்கள் கேட்பது இதைத்தானே.

மறு வருட முகாமில் டாக்டர் வேறு, டார்ச் வேறு, சொல் அதேதான். அதற்கும் அடுத்த முகாமுக்குக் காஜாக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள். இடது கண் முழுக்க இருண்டுவிட்டது. இனி யாரும் திருப்பி அனுப்ப முடியாது. பஸ்ஸில் ஏறுவதற்கு மாற்றுத்துணிப் பையும் கையில் இருந்தது.

அந்த முறை வந்திருந்தது நடுவயது தாண்டிய ஒரு டாக்டரம்மா. அவர் பெஞ்சில் அந்தச் சின்னக் கருவி இருந்தது.

"முத்திடுச்சும்மா" என்றாள் காஜாக்கா, அவர் கேட்பதற்கு முன்னாலேயே.

டாக்டரம்மா கருவியை வைத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். விளக்கை நெருக்கமாக வைத்துக் கண்ணின் அடிவரைக்கும் பார்த்தார். பிறகு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இது புரை மட்டும் இல்லம்மா. கண்ணுல பிரஷர். இடது கண்ணுல நரம்பே போயிடுச்சு."

"ஆபரேஷன் பண்ணா வந்துடும்ல?"

"புரையை எடுக்கலாம். பார்வை வராது. செத்த நரம்பு திரும்ப முளைக்காது."

காஜாக்கா மாற்றுத்துணிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இவ்வளவு நாள் ஏம்மா வராம இருந்தீங்க? யாரு காத்திருக்கச் சொன்னது?"

"நீங்கதான்" என்றாள் காஜாக்கா.

டாக்டரம்மா நல்லவர், அதனால் தலையைக் குனிந்துகொண்டார். நல்லவர்கள் தலை குனிவதோடு இந்த விஷயங்கள் முடிந்துபோகின்றன என்பதுதான் என் ஆத்திரம்.

வலது கண்ணிலும் அதே நோய். அதில் நடுப்பகுதி இன்னும் இருந்தது, குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. ஒருநாள் விடாமல் சொட்டு போட்டால் அது நிற்கும். "இந்தக் கண்ணையாவது விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டரம்மா. அவர் சண்டை போட்டு வாங்கியதோ என்னவோ, சில மாதத்தில் கடைத்தெருவிலேயே ஒரு கண் மையம் திறந்தார்கள். ஆயிரம் முகாமுக்கு ஈடு அது. தினமும் திறந்திருக்கும், கருவி இருக்கும், சொட்டு மருந்து இருக்கும். மைக் தேவையில்லை.

மையத்தை முதல் மாடியில் வைத்தார்கள், செங்குத்தான படிகள். பார்வை போனவர்கள் ஏறிவர வேண்டிய இடம். கீழே பெயின்ட் கடை. படி விளிம்பில் மஞ்சளாக ஒரு கோடு இழுக்க, திறப்பு விழாவுக்கு வந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றைக்குக் காஜாக்கா இரண்டாம் படியில் தடுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு மேலே போனாள். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, "அம்மா தையல் வேலையா? எங்க, ஊசியில நூல் கோத்துக் காட்டுங்க" என்றார் முகாம்களையெல்லாம் நடத்துகிற மேலாளர். அவள் கோத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். போட்டோக்காரர் இன்னொரு தடவை கோக்கச் சொன்னார்.

மையத்தில் வேலைக்கு இருந்தவள் அதே ஊர்ப் பெண், கண்ணாடிப் பொண்ணு என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேலையில் சேர்ந்த வாரமே கீழே இறங்கி, ஒரு டப்பாவில் மிச்சப் பெயின்ட் கேட்டு வாங்கி, படிகளுக்குத் தானே கோடு போட்டவள் அவள்.

"சொட்டு போட்டா பார்வை கூடாது அக்கா. இருக்கிறது போகாம நிக்கும். அதனால ஒண்ணும் தெரியலன்னு விட்டுடக் கூடாது."

"அப்ப வாட்ச்மேன் மாதிரி. சம்பளம் வாங்கிட்டு சும்மா நிப்பான்" என்றாள் நாத்தனார்.

"அவன் நின்னாத்தான் அக்கா திருடன் வர மாட்டான்."

"கண்ணுக்குமா பிரஷர் வரும்? அண்ணிக்குக் கோவம் ஜாஸ்தி, நான் அப்பவே சொன்னேன்."

சொட்டு போட்டுக்கொண்டிருந்த காலம் முழுக்க வலது கண் நின்ற இடத்தில் நின்றது. காஜாக்கா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நடக்கப் பழகிக்கொண்டாள். டீ கிளாஸை வலது பக்கம் வைத்தாள். கைக்காஜா தொடர்ந்தது. இந்த நோயில் இதைவிடப் பெரிய வெற்றி எதுவும் இல்லை: ஒன்றும் நடக்காமல் இருப்பது.

ஒன்றும் நடக்காததைக் கணக்கில் காட்ட முடியாது. மையத்திலிருந்து பஸ்ஸுக்குப் போதுமான ஆட்கள் போகவில்லையாம். அது தன் காலில் நிற்கவில்லையாம். திட்டக் காலம் முடிந்தது என்று ஒருநாள் கருவியை எடுத்துப் பெட்டியில் வைத்து இறக்கிக்கொண்டு போனார்கள். கண்ணாடிப் பொண்ணு வேறு வேலை தேடிப் போனாள். அவள் போட்ட மஞ்சள் கோடு மட்டும் படியில் இருக்கிறது. இப்போது மேலே செல்போன் ரிப்பேர் கடை.

தன் காலில் நிற்பது பற்றி எனக்கு ஒரே ஒரு கேள்விதான். எந்தக் கால்? சொட்டு மருந்துக்கு இனி பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பஸ் மாறிப் போக வேண்டும், ஒற்றைக் கண்ணும் அதில் ஒரு துளையும் உள்ளவள் துணை இல்லாமல் போக முடியாது. துணைக்குப் போனால் நாத்தனாருக்கு அன்றைக்குக் கூலி இல்லை. மையத்தின் வாடகை மிச்சமாகிவிட்டது, அந்தச் செலவை இரண்டு பெண்களின் தலையில் இறக்கிவைத்தாகிவிட்டது. இதற்குப் பெயர்தான் நிலைத்து நிற்பது.

முனை மருந்துக்கடையில் கேட்டால், "அது வராதும்மா, இதுவும் கண்ணுக்குத்தான்" என்று கண் சிவப்புக்குப் போடுகிற மருந்தைக் கொடுத்தான். நாத்தனார் அந்தப் பாட்டிலை அவன் மேஜைமேலேயே உருட்டிவிட்டு வந்தாள். போய்வர முடிந்த மாதம் மருந்து இருந்தது, முடியாத மாதம் இல்லை. இல்லாத மாதத்திலும் கண் அப்படியேதான் இருக்கிற மாதிரி தெரிந்தது. அந்த நோயின் குணமே அதுதான். விதி என்றார் அடுத்த வீட்டுக்காரர். விதிக்கு மையத்தைத் திறக்கவும் தெரியாது, மூடவும் தெரியாது.

ஒருநாள் காஜாக்கா ஊசியை நாத்தனாரிடம் நீட்டினாள்.

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். நூலைக் கோத்துக் கொடுத்தாள். முன்னறையிலிருந்து மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து நல்ல துணியும் மிஷினுக்குப் போனது. அவளுக்குப் பட்டன் தைக்கிற வேலை மட்டும்.

அந்த வருடமும் மைக் வந்தது. காஜாக்கா தன்னைக் கூட்டிப்போகச் சொன்னாள். பரிசோதனைக்கு இல்லை, மேலாளரைப் பார்க்க. பெரியாஸ்பத்திரி வரைக்கும் பஸ் போகிறதே, மாதத்துக்கு ஒரு தடவை ஒரு இடம் கேட்டால் என்ன? அல்லது சொட்டு மருந்தை மட்டுமாவது பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொன்னால் என்ன?

பள்ளிக்கூட வாசலில் நாத்தனார் நின்றுவிட்டாள்.

"என்னடி?"

"அண்ணி, நீ."

"நான் என்ன?"

"பேனர்ல நீ. ஊசியில நூல் கோக்கிற."

ஆள் உயரத்துக்கு இரும்புச் சட்டத்தில் நிறுத்தியிருந்தார்கள். காஜாக்காவுக்கு முழுதாகத் தெரியவில்லை. துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடினாள்: ஒரு விரல், சேலைக் கரை, ஊசி, மூக்கு.

"என்ன எழுதியிருக்கு?"

"இருளிலிருந்து ஒளிக்கு. எங்கள் சேவையால் மீண்ட பார்வை."

மேலாளர் அவளை அடையாளம் கண்டுகொண்டு ஓடிவந்தார்.

"வாங்கம்மா, வாங்க. நீங்கதான் இந்த வருஷம் எல்லா ஊர்லயும். எப்படி இருக்கு பார்வை?"

காஜாக்கா கேட்க வந்ததைக் கேட்டாள். மேலாளர் பொறுமையாகக் கேட்டார். கேட்பதில் அவர் எப்போதும் குறை வைப்பதில்லை.

"பஸ் ஆபரேஷனுக்கு வர்றவங்களுக்கு மட்டும்தாம்மா. ரூல் அப்படி. சொட்டு மருந்துக்கு இப்ப திட்டம் இல்ல. அடுத்த வருஷம் பேசிப் பாக்கறேன்."

"அடுத்த வருஷம் நான் உங்களைப் பாக்க முடியாது சார்."

"ஏம்மா, ஊருக்குப் போறீங்களா?"

நாத்தனார் வாயைத் திறந்தாள். காஜாக்கா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அதற்குள் மேலாளரை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் போனார்.

காஜாக்கா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்தாள். காகிதத்தில் சுற்றிய பிளேடு அதில் எப்போதும் இருக்கும். பேனரைத் தடவிக்கொண்டு போனாள். மூக்கு, கன்னம், பிறகு கண். பட்டனுக்கு அளவு பார்க்கிற மாதிரி கட்டைவிரலை வைத்து அளந்தாள். படத்திலிருந்தவளின் இடது கண்ணில் ஒரு கோடு கீறினாள். நேர்கோடு, பிசிறு இல்லாமல், ஒரு நல்ல காஜாவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. பின்னாலிருந்த வெளிச்சம் அந்தக் கீறல் வழியாக வந்தது.

வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை. மைக்கில் மேலாளர் பேசிக்கொண்டிருந்தார். அவள் பிளேடைக் காகிதத்தில் சுற்றி மறுபடியும் பையில் வைத்தாள்.

நாத்தனார் அவள் கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போதுதான் கேட்டாள்.

"கீறினதுதான் கீறின, ரெண்டு கண்ணையும் கீற வேண்டியதுதானே. வலது கண்ணை ஏன் அண்ணி விட்டுட்ட?"

"அது இன்னும் முத்தல" என்றாள் காஜாக்கா.